சித்தப்பா எடுத்த போன்

அன்பு பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவன் கருணையில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், சித்தி மட்டும் ஒற்றைக் கையோடு. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் போனில் சொல்கிற அதே பதிலைத்தான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை, நன்றாக இருக்க வேண்டும் என்று காலையில் கும்பிடும்போது மேலே சொல்லிவைத்துவிட்டேன். இந்தக் காகிதத்தை உன் அண்ணன் படம் பிடித்து அனுப்புவான். தபாலில் போட்டால் நீ சொன்ன அந்தப் பெரிய மருத்துவக் கூட்டம் முடிந்து நாற்காலியெல்லாம் மடக்கி வைத்த பிறகுதான் உன் கைக்கு வரும். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் எதையாவது எடுத்தாலே சரிம்மா சரிம்மா என்று என் வாயை அடைத்துவிடுகிறாய், காகிதத்தில் அது முடியாது பார்.

சித்தியின் கையைப் பற்றி அண்ணன் உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறான், மீதியை நான் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது. இத்தனை வருஷம் அந்தப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆண்களுக்குக் கொடுக்கிற அதே அளவு ரத்த அழுத்த மாத்திரை அவர்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒவ்வொருத்தராகக் கேட்டுக் கேட்டு எழுதினது நீ. அதைக் கூட்டத்தில் உன் பேராசிரியர் எழுந்து பேசப்போகிறார், நீ கீழே உட்கார்ந்து கேட்கப்போகிறாய். அவர் பேசினால் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், நீ பேசினால் குடைந்து எடுப்பார்கள் என்று அவரே சொன்னாராம், நீயும் தலையாட்டிவிட்டாய். நான் ஏன் என்று கேட்டதற்கு, யார் சொன்னா என்னம்மா, விஷயம் போய்ச் சேர்ந்தா சரி என்றாய். அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைத் துடைக்கப் போகிறேன், அது பொங்கி அடுப்பையே அணைத்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. மாதக் கணக்கு எழுத உட்கார்ந்து வரவில் போட வேண்டியதைச் செலவில் போட்டுவிட்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, உனக்கே தப்பு வருதுன்னா நாட்டுக்கு ஏதோ ஆகப்போகுதுடி என்று கிண்டல் வேறு. இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து போய் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன், பட்டப்பகலில்.

இப்போது சித்தி. தலை சுற்றுகிறது தலை சுற்றுகிறது என்று அவள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். வழக்கமாகப் பார்க்கிற பெரிய டாக்டர், வயசானா எல்லாருக்கும் வர்றதுதான், கவலைப்படாம தூங்குங்க என்று சொல்லி அனுப்பிவிடுவார். இந்தத் தடவை அவர் விடுமுறையில் போயிருந்தார், ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு வந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சித்தி குளித்துக்கொண்டிருந்தாள், சித்தப்பா எடுத்தார். இனிமேல் அந்த ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டால் போதும், அடுத்த வாரம் வந்து காட்டுங்கள் என்று ஒரு பெண் குரல். பேசியது அங்கே புதிதாக வந்திருக்கிற டாக்டரம்மா. பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, நர்ஸிடம்கூடச் சொல்லாமல் தானே போனை எடுத்துக் கூப்பிட்டிருக்கிறார். டாக்டர் பேசறேன் என்றுதான் ஆரம்பித்தாராம், சித்தப்பா காதில் அது டாக்டர் ரூம்ல இருந்து பேசறேன் என்று விழுந்திருக்கிறது. பெண் குரல் கேட்டதுமே அவர் மனசு மீதியை நிரப்பிக்கொண்டுவிட்டது. சித்தி தலையைத் துவட்டிக்கொண்டு வந்து யார் போன்ல என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில இருந்து, மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னாங்க என்றார். யார் சொன்னாங்க என்றாள். அதான் சொன்னாங்க, யாரோ ஒரு பொண்ணு என்றார். அவ்வளவுதான். பெரிய டாக்டர் கைப்பட எழுதிக் கொடுத்ததை யாரோ சொன்னாங்கன்னு மாத்துவாங்களா, டாக்டர் வந்து சொல்லட்டும் என்று முடிவு செய்து, அக்கறையாக, வேளை தவறாமல், முழு மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே அவள் சமையலறையில் குழாயடியில் நின்றவள் நின்றபடியே சரிந்து, கையை ஊன்றி, மணிக்கட்டு போயிற்று.

நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பெரிய ஹாலில் திரை போட்டுத் திரை போட்டுக் கட்டில்கள். சித்தியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சித்தப்பா போய், ஏம்மா, டாக்டர் எப்ப வருவார் என்று கேட்டார். அந்தப் பெண் தலையைக்கூடத் திருப்பவில்லை, வந்துட்டார் என்றார். வலியில் முனகிக்கொண்டிருந்த சித்தி சிரித்தே விட்டாள். அப்புறம் அந்தப் பெண் சீட்டைப் பார்த்து, எவ்வளவு மாத்திரை போட்டீங்க என்று சித்தியிடம் கேட்டுவிட்டு, மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னேனே, முழுசா யார் கொடுத்தது என்று கேட்டார். சித்தப்பா, இல்லம்மா, யாரோ போன் பண்ணிச் சொன்னாங்க, அதான் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேன்னு என்று இழுத்தார். அந்த யாரோ நான்தான் என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்கு என்னமோ செய்தது, பழகிப்போன மாதிரி சொன்னார். அடுத்த தடவை டாக்டர்னு ரெண்டு தரம் சொல்றேன் என்று வேறு சொன்னார். அவர் ஏன் இரண்டு தரம் சொல்ல வேண்டும்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சித்தி விடவில்லை. நான் பேசினாத்தான் உங்க காதுல விழாதுன்னு இத்தனை நாள் நினைச்சேன், டாக்டர் பேசினாலும் விழாது போல என்றாள். பாவம் சித்தப்பா, இப்போது எந்தப் போன் வந்தாலும் நீங்க டாக்டரா என்றுதான் முதலில் கேட்கிறார். கடன் வேண்டுமா என்று கூப்பிட்ட பெண்ணிடமும் கேட்டிருக்கிறார், அவள் பயந்து போனை வைத்துவிட்டாளாம்.

சிரித்து முடித்த பிறகு எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது, சொன்னாங்க. ஆம்பளை டாக்டர் என்றால் நாம் பேச்சில் சொன்னார் என்போம், ஒரே ஒருத்தர், ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். பொம்பளை டாக்டர் என்றால் மரியாதையாகச் சொன்னாங்க என்போம். தெருவே கூடிச் சொன்னாலும் சொன்னாங்கதான், ஊர் பேர் தெரியாதவர் சொன்னாலும் சொன்னாங்கதான். நாம் கொடுக்கிற மரியாதையிலேயே அந்தப் பெண் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்து போய்விடுகிறாள். படித்தவர்கள் இதற்கு இலக்கணத்தில் ஏதாவது சொல்வார்கள், நான் படித்ததெல்லாம் மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதமும் பேப்பரும் வேதமும்தான். எனக்குத் தெரிந்தது, விஷயம் சரியாகத்தான் இருந்தது, போனும் சரியாகத்தான் அடித்தது, சொன்னது யார் என்பது மட்டும்தான் நடுவில் தொலைந்தது. விஷயம் போய்ச் சேர்ந்தா சரி என்றாயே, சேரவில்லையே பாப்பா.

நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு அப்பா, அவளைத் தூண்டிவிடாதே என்கிறார். அந்தப் பேராசிரியர்தான் அவள் வேலையை நீட்டித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர், முகம் கொடுத்துப் பேசுகிறவர், கொஞ்சம் அனுசரித்துப் போகட்டும் என்கிறார். அவர் நல்லவர்தான், எனக்குத் தெரியாதா, உனக்குக் காய்ச்சல் அடித்தபோது வீட்டிலிருந்து சூடாகச் சூப் கொண்டுவந்து கொடுத்தவர், அதற்காக அவரை என் வேண்டுதலில் சேர்த்துவைத்திருக்கிறேன், இன்றும் எடுக்கவில்லை. ஆனால் அப்பாவிடம் கேட்டேன், உங்க ஆபீஸ்ல நீங்க போட்ட திட்டத்தை இன்னொருத்தர் எழுந்து படிச்சுக் கைதட்டு வாங்கினப்போ, சாப்பாடு வேண்டாம்னு சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டது யாரு என்று. பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அந்தப் பேப்பர் முந்தாநாளுடையது.

இது பெருமை பற்றிய பேச்சு என்று நீ நினைத்துவிடாதே. பெருமை வேண்டாம் என்றுதானே உன்னை வளர்த்தேன். எனக்கு உறுத்துவது அந்தப் பஸ் ஓட்டுகிற பெண். நீதான் சொன்னாய், தலை சுற்றுகிறதா என்ற கேள்விக்கு அவள் இல்லை என்றுதான் குறித்திருந்தாள், ஆமாம் என்று எழுதினால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களே என்று. பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரி நடையில், யாரும் இல்லாதபோது, திருப்பத்தில் ஸ்டியரிங்கை வளைக்கும்போது கண் இருட்டுகிறது என்று உன் காதோடு சொன்னாள். அவளைப் போலவே இன்னும் சிலர், கேட்ட இடத்தில் சொல்லாமல், நம்பின இடத்தில் சொன்னவர்கள். அதைத் தனியாக ஒரு பக்கமாக எழுதிச் சேர்த்திருந்தாய். பேராசிரியர் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார், நேரம் போதாது என்று. நீ இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு அண்ணன் புது வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டாய், நானும் அப்போது பதில் சொல்லிவிட்டேன், போனை வைத்த பிறகுதான் சுருக்கென்றது. அவர் பேசினால் அந்தப் பெண்கள் அந்தப் பேச்சிலேயே இருக்கமாட்டார்கள். யாராவது எழுந்து, இல்லையென்று குறித்தவர்கள் உண்மையைத்தான் சொன்னார்களா என்று கேட்டால் அவரிடம் என்ன பதில் இருக்கும், அவரா அந்த நடையில் நின்றார்? நீ குடைவார்கள் என்று பயப்படுகிறாய். குடையட்டுமே. கேள்வி கேட்கத்தானே அத்தனை பேர் விமானம் ஏறி வருகிறார்கள், வாயைத் திறக்காமல் கேட்டுவிட்டுப் போவதற்கா? கேள்வி வரவில்லை என்றால் ஒத்துக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை, காதில் வாங்கவில்லை என்றும் இருக்கலாம்.

உன் சொத்து என்றால் நீ யாருக்கு வேண்டுமானாலும் கொடு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். அது அவர்கள் உன்னை நம்பிக் கொடுத்துவைத்தது. என்னிடம் அடுத்த வீட்டு அம்மா சீட்டுப் பணத்தைக் கொடுத்துவைத்தால் அதை அவர் பெயரில்தான் எழுதுவேன், எனக்குப் பிடித்தவர், எனக்குச் சூப் கொடுத்தவர் என்பதற்காக இன்னொருவர் பெயரில் வரவு வைக்கமாட்டேன். சித்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் கட்டுப்போட்ட கையைத் தூக்கித் தலையணையில் வைத்துக்கொண்டாள். பிறகு, நான் விழுந்ததைப் பத்தி யாராவது பேசறதா இருந்தா பாப்பாவோட சித்தப்பா பேச வேண்டாம், அந்தப் பேராசிரியரும் பேச வேண்டாம், என்னைக் கேட்டுட்டுப் பேசறவங்க பேசட்டும் என்றாள்.

எனக்குப் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். பேராசிரியர் முகம் சுளித்தால் என்ன ஆகும், அடுத்த வருஷம் கையெழுத்துப் போடவில்லை என்றால் அந்தக் குளிரில் ஒற்றை அறையில் நீ என்ன செய்வாய் என்று நான்தான் நினைத்து நினைத்துப் புரள்கிறேன். அவர் மனசை மாற்று என்று ஆண்டவனிடம் கேட்கலாமே என்று கண்ணை மூடினேன். பாதியில் எனக்கே சங்கடமாக இருந்தது, நீ போய்க் கேட்க வேண்டியதை நான் அவன் தலையில் கட்டுகிறேனே என்று. அதனால் வேண்டுதலை மாற்றிவிட்டேன், இப்போது உன் வாய்க்காக மட்டும் கேட்கிறேன். கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்கே அவர் அறைக்குப் போ. உட்காரச் சொல்லாவிட்டாலும் உட்கார். உன் மரியாதையில் ஒரு குறையும் வேண்டாம், சூப்புக்கு இன்னொரு தரம் நன்றிகூடச் சொல். பிறகு, நான் பேசறேன், அந்தப் பக்கத்தோட பேசறேன் என்று சொல். பேசலாமா என்று கேட்காதே. உனக்கு அந்த வழக்கம் உண்டு, சின்ன வயசில் தண்ணீர் குடிப்பதற்கும் கேட்பாய், நான்தான் அது நல்ல பழக்கம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு. அந்தக் கருப்புக் கோட்டு தோளில் பிரிந்திருக்கிறது என்றாயே, கூட்டத்துக்கு முன்னால் தைத்துக்கொள், ஊசி நூல் பெட்டியின் பக்கவாட்டுப் பையில் வைத்திருக்கிறேன், நீ இன்னும் திறந்தே பார்த்திருக்கமாட்டாய். உன் நாவில் பயம் தங்காமல் இருக்கட்டும், உன் கையில் வந்து சேருகிற உயிர்களெல்லாம் நலமாகத் திரும்பட்டும், நீ படுக்கும்போது மனசு லேசாக இருக்கட்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், பேப்பருக்குப் பின்னாலிருந்து. இதற்குப் பதில் எழுத வேண்டாம். அவர் அறையிலிருந்து வெளியே வந்ததும் கூப்பிடு, சரி என்று சொன்னாலும் கூப்பிடு, முடியாது என்று சொன்னாலும் கூப்பிடு, அங்கே விடிந்தால் இங்கே என்ன மணி என்றெல்லாம் பார்க்காதே.

போனை இடுப்பில் செருகிக்கொண்டே வீட்டைச் சுற்றிவரும்,
உன் அம்மா