ரேடியேட்டரில் பொங்கிய பொங்கல்

என் தங்க அண்ணனுக்கு,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம். இருந்தபோது மட்டும் எழுதினேனா என்ன? பாபநாசத்தில் என் தெருவுக்கும் உன் தெருவுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். கொல்லையில் நின்று கத்தினாலே உனக்குக் கேட்கும். இப்போது எவ்வளவு கத்தினாலும் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

உன் கார் ஓடி முடித்துவிட்டது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வேளாங்கண்ணியிலிருந்து துவாரகை வரை, இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரை ஓடியது. ஓட்டியது நான். பக்கத்தில் உட்கார்ந்து வந்தது அண்ணி.

நம்ப மாட்டாய். காயலான் கடைக்குப் போக வேண்டிய அந்த வண்டியை நீ வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, "மழை வந்தா உள்ள குடை பிடிக்கணும் போலருக்கே" என்று சிரித்த அதே அண்ணிதான். பழைய, விலை மலிந்த கார்களுக்கு மட்டும்தான் நிதி திரட்டும் இந்தக் கார் ஓட்டத்தில் இடம் என்று நீ எத்தனை தடவை விளக்கினாய்! ஒவ்வொரு காருக்கும் ஊர்க்காரர்கள் நன்கொடை தருவார்கள், அதைச் சேர்த்துத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஓர் ஆம்புலன்ஸ் வாங்குவார்கள் என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னாய். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த நீ ஒரு ராத்திரி படுத்தாய், காலையில் எழுந்திருக்கவில்லை. அப்படி என்ன அவசரம் அண்ணே உனக்கு?

அண்ணி அழவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அழவில்லை, கருமாதி அன்றும் அழவில்லை. கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அதன்பிறகு எதைக் கேட்டாலும் "சரி"தான். சாப்பிடுறீங்களா அண்ணி? சரி. ஆனால் தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார். உன் பின்னாலேயே இவரும் போய்விடுவாரோ என்று பயந்தேன். வீட்டை விட்டுக் கிளப்பினால்தான் இவரைக் காப்பாற்ற முடியும் என்று தோன்றியது.

"அண்ணன் பேர் கொடுத்த ஓட்டத்துக்கு நாம போவோமா அண்ணி? நான் ஓட்டுறேன்" என்று கேட்டேன். அதற்கும் சரி.

ஊர் சும்மா இருக்குமா? "வருசம் திரும்பல, அதுக்குள்ள நாத்தனாரும் அண்ணியும் ஊர் சுத்தக் கிளம்பிட்டாளுக" என்றார்கள். கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்களை எல்லாம் டிரைவிங் ஸ்கூலில் வைத்து மேய்க்கிறவள் நான், இவர்களுக்கா பயப்படுவேன்? "ஆமா, சுத்தத்தான் போறோம். பின்னாடி சீட்டு காலியாத்தான் இருக்கு, வர்றீங்களா?" என்றேன்.

கர்நாடகம் போகும்வரை அண்ணி பேசவே இல்லை. ஆனால் வீட்டு அரிசியும் கரண்டு குக்கரும் எடுத்து வந்திருந்தார். தங்குகிற இடத்தில் சோறு பொங்கி, மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைப்பார். காலையில் அந்த நீராகாரத்தில் உப்புப் போட்டு பாட்டிலில் ஊற்றிக்கொள்வார். நீ வயலுக்குக் கொண்டுபோவாயே, அதேதான்.

தார்வாடுக்கு அப்பால் ஒரு மேட்டில் வண்டி சூடேறி நின்றது. ஆறவிட்டு, பின் சீட்டில் கிடந்த பாட்டிலை எடுத்து ரேடியேட்டரில் கவிழ்த்தேன். வெயிலில் கண் கூசியதில் என்ன பாட்டில் என்று பார்க்கவில்லை. மூடியைத் திறந்துவைத்தபடியே இன்ஜினை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக நுரை எழும்பி நாலு பக்கமும் வழிந்தது. நடுரோட்டில் சோறு வடிக்கிற வாசனை! ஊற்றியது முழுக்க நீராகாரம். "ரேடியேட்டருக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும்" என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவள் செய்த காரியத்தைப் பார்.

அண்ணி இறங்கி வந்தார். ரேடியேட்டரை எட்டிப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"என்ன மல்லிகா, பொங்கலோ பொங்கல்னு கத்தவா?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். சாவு விழுந்த வீடு என்பதால் இந்த வருசம் நமக்குப் பொங்கல் கிடையாது. தெருவெல்லாம் பானை பொங்கிக் கூவியபோது நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தோம். அது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை.

"வரலன்னு சொன்னேன்டி. அன்னைக்கு ராத்திரி சோறு போடும்போதுகூட, 'நீ பக்கத்துல உக்காந்து வந்தா போதும்டி'ன்னு கெஞ்சினாரு. எனக்கு வேற வேலை இல்லயா, போறதுன்னா தனியாப் போங்கன்னுட்டேன். விடிஞ்சு பார்த்தா தனியாப் போயிட்டாரேடி!"

மாரில் அடித்துக்கொண்டு அழுதார். லாரிக்காரர்கள் நிறுத்திப் பார்த்தார்கள். நான் தடுக்கவில்லை. இத்தனை மாதமும் இதையா நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கினார்? "விளையாட்டுக்குச் சொன்னதுதானே அண்ணி, அண்ணனுக்குத் தெரியாதா?" என்று கேட்டு நானும் அழுதேன். உனக்குத் தெரியும்தானே? அன்று படுக்கும்போது மனசில் ஏதும் வருத்தம் இருந்ததா? சொல்லேன் அண்ணே.

லாரிக்காரர் ஒருவர் கூட்டிவந்த மெக்கானிக்குக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குக் கன்னடம் தெரியாது. ரேடியேட்டரைக் கழற்றி முகர்ந்தவர், கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பாடா என்று சைகையில் கேட்டார். அசடு வழியத் தலையாட்டினோம். அவர் அலசி மாட்டுவதற்குள் மற்ற கார்கள் எங்கோ போய்விட்டன. அன்று ராத்திரி அண்ணி தட்டில் இரண்டாம் தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டார். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

துவாரகைக்குப் போனபோது வரவேற்புப் பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். மாலையும் இல்லை, கைதட்டலும் இல்லை. போகட்டும், ஆம்புலன்ஸ் வந்துவிடும், அதில் குறையில்லை.

அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். முழங்கால் தண்ணீரில் நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நீ எதிரில் நிற்பதுபோலச் சத்தமாகச் சொன்னார்.

"ஏங்க, வந்துட்டேங்க."

கேட்டதா அண்ணே? அலைச் சத்தத்தில் எனக்கே பாதிதான் கேட்டது.

இனி அண்ணி வீட்டில்தான் எனக்கு மதியமும் ராத்திரியும் சாப்பாடு. எதிரில் நான் உட்கார்ந்தால் அவர் சாப்பிடாமல் தப்ப முடியாது. அவரை விடமாட்டேன். உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த வாயாடி,
மல்லிகா