தம்பியின் கம்ப்யூட்டருக்கு ஏற்ற லினக்ஸ்

குட்டிமா, சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். என் மேலுள்ள கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாதே.

இறந்துபோன உன் தம்பியின் பழைய கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடலாம் என்றதற்குத்தானே நேற்று சண்டை? இன்று காலை பென்டிரைவிலிருந்தே இரண்டு வகை லினக்ஸை ஓட்டிப் பார்த்தேன். ஹார்டுடிஸ்க்கைத் தொடவில்லை, சத்தியமாக. பெரியது நகரவே மாட்டேன் என்றது. சின்னது அந்த இரண்டு ஜிபி மெமரிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் ஓடியது.

குளித்துவிட்டு வந்தால் திரையில் ஒரு வரி: "மாமா, இதுவே போதும். அக்காகிட்ட சண்டை போடாதீங்க."

வீட்டில் நான் மட்டும்தான். கீபோர்டை இன்னும் மாட்டவே இல்லை, மவுஸ் மட்டும்தான். "சரிடா மாப்ள" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

எதையும் அழிக்க மாட்டேன். வேலைக்குக் கிளம்புகிறேன்.

பி.கு.: இதை எழுதி முடிப்பதற்குள் இன்னொரு வரி வந்திருக்கிறது. "அக்கா" என்று தொடங்குகிறது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை.