கடைசிப் பெட்டியின் விளக்கு

அன்பு மகள் கெசீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பனியைத் திட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், சிலியில் நீ வெயிலைத் திட்டிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவின் முழங்கால் தேவலை, கிறிஸ்துமஸுக்கென்று நான் ஒளித்து வைத்த ஸ்டோலன் கேக்கை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்.

நம்முடைய மாடல் ரயில் சங்கமும் வோல்க்மார் மாமாவின் சங்கமும் ஒன்று சேரப்போகின்றன என்று போனில் சொன்னேனே, நகராட்சி இரண்டுக்குமாக ஒரே கூடம்தான் தருகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் கண்காட்சியில் அவர்கள் மேசையிலிருந்து எங்கள் மேசைக்கு ரயில் ஓடினால்தான் இரு தரப்பும் சேரச் சம்மதிக்கும். ரயிலை ஓட்ட எந்த டிஜிட்டல் கருவி வாங்குவது என்ற சண்டையில்தானே அவன் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனான், அன்றிலிருந்து கூடப்பிறந்தவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கூடத்தைவிட அவன் பேசுவதுதான் பெரிது, இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

அவன் கருவியின் மின்சாரமும் என் கருவியின் மின்சாரமும் தண்டவாளத்தில் தொட்டுக்கொண்டால் ஏதாவது ஒன்று கருகும். அதனால் நடுவில் ஒரு துண்டை இரண்டு முனையிலும் வெட்டித் தனியாக விட்டோம், ரயில் அதற்குள் வந்ததும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் தட்டி அவன் கருவியிலிருந்து என் கருவிக்கு மாற்றிவிடும். எஞ்சினுக்குள் இருக்கும் சிப்புக்கு இரண்டின் பேச்சும் புரியும், எங்கள் இருவருக்குத்தான் புரியாது. வியாழக்கிழமை ஒத்திகையில் ரிலே தட்டியதுமே எல்லாம் நின்று, என் பக்கம் ஃபியூஸ் போனது. மாமா சுவரைப் பார்த்து, "அப்பவே சொன்னேன், அவங்க கருவி சரிப்படாதுன்னு" என்றான். என் ஆட்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஆனால் விட்டேனா பார் என்று மறுநாள் போய் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தேன். கம்பியில் குறையில்லை, அளவில்தான் பிசகு. மின்சாரம் எடுப்பது எஞ்சின்தானே, கடைசிப் பெட்டி கொஞ்சம் வெளியே நின்றால் என்ன என்று துண்டைச் சின்னதாக வெட்டியிருந்தோம். அளந்தது அவன், தலையாட்டியது நான். அவனோ பெருமைக்குப் பெட்டிக்குப் பெட்டி விளக்கு வைத்திருக்கிறான், விளக்குப் பெட்டியும் சக்கரம் வழியே மின்சாரம் எடுக்கும். அவனுடைய கடைசிப் பெட்டி வெட்டின்மேல் நின்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிட்டது.

விளக்கைக் கழற்று என்று சொல்லலாம்தான், சொன்னால் ரயிலையே தூக்கிக்கொண்டு போய்விடுவான், நம் வீட்டு ரத்தம் அப்படி. துண்டை நீட்டவேண்டும் என்றால் அவன் பக்கம் பாலம், என் பக்கம் நான் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து ஒட்டிய ஸ்டேஷன், இரண்டில் ஒன்றை எடுத்தாகவேண்டும். ஸ்டேஷனைப் பெயர்த்தேன். ரம்பத்தோடு நான் மேசைக்கடியில் கிடந்தபோது மாமா வந்து நின்றான். "என்ன பண்றே?" என்றான். "உன் விளக்குக்கு இடம் பண்றேன்" என்றேன். பிறகு முட்டி போட்டு எதிர்ப்பக்கம் படுத்தான், நான் பற்றவைக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். சாயங்காலம் ரயில் எல்லா விளக்கும் எரிய என் பக்கம் வந்தது. "அக்கா, ஸ்டேஷனை நான் கட்டித் தர்றேன்" என்றான். வேண்டாம், எனக்குக் கையிருக்கிறது, கம்பியை மட்டும் பிடி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எப்படியும் ஓட்டியே காட்டுவோம், நீ கவலைப்படாதே. தொப்பி போடாமல் வெயிலில் போகாதே, நிறையத் தண்ணீர் குடி. நன்றாக இரு, நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும். ஒன்று மட்டும் நினைவில் வை. ஒவ்வொரு விடுமுறையிலும் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நீ மாமா வீட்டுக்குப் போய்வந்தது எனக்கு எப்போதும் தெரியும். இந்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போ.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா ரோஸ்வித்தா