என் நாமவிழாவும் அப்பாவின் கச்சேரியும்

தோருன்,
17 மே 1978

அன்பு மகள் தெக்லாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, அதைக் கணக்கில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் சிகாகோவில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். மத்தியானம் ஒரு ரொட்டித் துண்டோடு சரி என்று எழுதியிருந்தாயே, அது ஒரு சாப்பாடா கண்ணே, அந்த ஊரில் பீட்ரூட் கிடைக்காமலா போய்விட்டது, ஒரு சூப் வைக்க எவ்வளவு நேரம் ஆகும். இங்கே பனி இன்னும் விடவில்லை, தக்காளி நாற்றெல்லாம் சன்னலோரத்தில் நின்று வெளியே ஏக்கமாகப் பார்க்கின்றன.

அப்பாவின் கச்சேரி என்ன ஆயிற்று என்று இரண்டு கடிதமாகக் கேட்கிறாய். பியானோவுக்கும் இசைக்குழுவுக்கும் சேர்த்து ஒரு பெரிய இசையை அவர் ஒன்பது வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாரே, அது ஒருவழியாக முடிந்தது. அவர் பியானோ முன்னால் உட்கார்ந்து எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும், நான் கொழுக்கட்டைக்கு மாவு தேய்க்கிற மேசையிலேயே விரலால் தட்டித் தட்டி எழுதியதுதான் எல்லாம், பாதித் தாளில் மாவு ஒட்டியிருக்கும். இசைக்குழுவை நடத்தும் குஸ்தாவ் வாசிக்கலாம் என்று சொல்லிவிட்டார். அப்பா துள்ளிக் குதித்து வந்து, மே பதினைந்து, சாயங்காலம் நாலு மணி என்றார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

மே பதினைந்து புனித ஸோஃபியாவின் திருநாள், அந்தப் பெயர் வைத்த எல்லாருக்கும் நாமவிழா அல்லவா! இந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஸோஃபியா மேல்தான் விழும். குஸ்தாவின் மனைவி ஸோஃபியா, தபால் ஆபீஸ்காரி ஸோஃபியா, இரண்டாவது வயலின் வாசிக்கிற ஸோஃபியா, எல்லாவற்றுக்கும் மேலாக நானே ஸோஃபியா. நாமவிழாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, நினைவு வைத்திருப்பவர்கள் பூவோடு வந்து நிற்பார்கள், நாம் கேக்கும் மீனும் வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்க வேண்டும். ஊரே ஏதாவது ஒரு ஸோஃபியா வீட்டில் இருக்கும், அரங்கத்தில் ஈ ஓட்ட வேண்டியதுதான். முப்பத்து நாலு வருஷமா என்னோட குடித்தனம் பண்றீங்க, என் நாள்கூடவா மறந்துபோச்சு என்று பிடிபிடியென்று பிடித்தேன். அட ஆமால்ல என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார், பாலைக் குடித்துவிட்ட பூனை மாதிரி.

கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் சொந்தமாக எழுதியதை வாசித்தபோது பத்தொன்பது பேர் வந்தார்கள், அதில் ஏழு பேர் நம் வீட்டு ஆட்கள். அன்றைக்கு வந்து பியானோவை மூடியவர், அடுத்தவர்கள் எழுதியதைத்தான் வெளியே வாசித்தார். இந்த முறையும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் இனி பேனாவையே தொடமாட்டார், அந்த மனுஷனை எனக்குத் தெரியும்.

மறுநாள் கறிக்கடை வரிசைக்குப் போனேன். எனக்கு முன்னால் தபால் ஆபீஸ் ஸோஃபியா. இந்த வருஷம் எல்லா ஸோஃபியாவுக்கும் நாமவிழா அரங்கத்துலதான், வீட்டுக் கதவுல சீட்டு ஒட்டிட்டு கேக்கைத் தூக்கிட்டு வந்து சேரு என்றேன். உன் வீட்டுக்காரர் வாசிக்கிறதக் கேக்க நான் மீன் சட்டியச் சுமந்துட்டு வரணுமாக்கும், போன தடவை மாதிரி தூங்க வச்சிடமாட்டாரே என்றாள். தூங்கினா நான் கிள்ளி எழுப்புறேன், நீ வாடி என்றேன். வரிசை நான்கு மணி நேரம் நின்றது, எங்கள் முறை வருவதற்குள் கறி தீர்ந்துவிட்டது, ஆனால் சேதி ஆற்றங்கரை வரைக்கும் போய்விட்டது.

திங்கட்கிழமை வந்து பார்த்திருக்க வேண்டும் நீ! முன் வரிசைகளில் நாற்பத்தோரு ஸோஃபியாக்கள், மடியில் பூங்கொத்து, அரங்கம் முழுக்க வெங்காயமும் மீனுமாக மணம், படிக்கட்டில்கூட ஆள். முதலில் அப்பா தனியாகச் சின்னச் சின்னதாக வாசித்தார், கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது, இடைவேளையில் எல்லாரும் கேக்கின் மேல் பாய்ந்தார்கள். பிறகு பெரியது. நடுவில் மெதுவாக ஓர் இடம் வரும், தபால் ஆபீஸ்காரி கைக்குட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள், நான் கிள்ள வேண்டியிருக்கவில்லை. கடைசியில் மசூர்கா, கிராமத்துக் கல்யாணத்தில் ஆடுகிறார்களே, அதே நடை, முதல் தட்டை விட்டு இரண்டாவதில் அடி விழும். பின் வரிசையில் ஒரு கால் தட்டியது, அப்புறம் தரை முழுக்கத் தட்டியது. அப்பா ஒரே ஒரு முறை தரையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது தெக்லா.

வீட்டுக்கு வந்ததும் நான் விடவில்லை, நீங்க மறந்து வச்ச தேதிக்கு நான்தான் ஊரையே திரட்ட வேண்டியிருந்தது என்றேன். அவர் குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, செல்லப் பெயர் சொல்லி, மறக்கல ஸோஷா, குஸ்தாவ் மூணு தேதி குடுத்தாரு, நான்தான் இதை எடுத்தேன் என்றார். என் இசையக் கேக்கன்னா யாரு வருவா, கூப்பிடாமலே ஊரு தேடி வர்றது உன்னைத்தானே என்றார். இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன என்றேன். சொல்லியிருந்தா நீ எனக்குப் பாவம் பாத்து ஊரக் கெஞ்சியிருப்ப, கோவம் வந்தாத்தான் அதிகாரமாக் கூப்பிடுவ என்றார்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. வந்தது எனக்காகவே இருக்கட்டும், இடைவேளையில கேக்கு தீர்ந்தப்புறமும் ஒருத்தர் எழுந்து போகலியே, அது யாருக்காகவாம் என்று கேட்டேன்.  கழற்றிய பூட்ஸையே மறுபடி காலில் மாட்டிக்கொண்டார் மனுஷன். இன்று காலை மாவுப் பலகையை ஒதுக்கிவிட்டுப் புதுத் தாளில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார், நான் கொழுக்கட்டையை மடியில் வைத்துத்தான் பிடிக்கவேண்டும் போலிருக்கிறது.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். சூப்பை மறந்துவிடாதே. இன்னொன்று, எப்போதும் எனக்கு நாலு பக்கம் எழுதிவிட்டு அடியில் அப்பாவுக்கும் அன்பு என்று ஒரு வரி போடுவாய். இந்த முறை உறையின் மேல் அவர் பெயரை எழுது. அவர் பெயரை மட்டும்.

ஆயிரம் முத்தங்களோடு,
உன் அம்மா ஸோஃபியா