பதினைந்து ஆடும் வைப்பதற்கு முன்

ஸ்டீரிங்கை விட்டு இறங்கிப் போய்விட்ட என் அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

நம் ஆலங்காயம் – காவலூர் வண்டிக்குப் புது டிரைவர் வந்துவிட்டார். நல்ல மனுஷன்தான். காவலூரில் வண்டியைத் திருப்பி நிறுத்தியதும் சீட்டிலேயே சாய்ந்து தூங்கிவிடுகிறார். அந்த அரைமணி நேரத்தை நான் என்ன செய்வேன், சொல்.

மகள்தான் என் போனில் ஆடுபுலி ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தாள். எதிராளி கம்ப்யூட்டர். மலைமேல் சிக்னல் இல்லாவிட்டாலும் ஆடுகிறது. உன்னைப் போல 'சீக்கிரம் வை' என்று தொடையில் தட்டுவதில்லை. டூல்பாக்ஸ் மூடியில் கட்டம் கீறி, மூன்று நட்டு புலி, பதினைந்து புளியங்கொட்டை ஆடு என்று ஒன்பது வருஷம் ஆடினோமே. எப்போதும் நான்தான் புலி.

நேற்று போனில் ஆடுகளை எடுத்துக்கொண்டேன். நான்காவது ஆட்டைத்தான் வைத்திருந்தேன், அதற்குள் கம்ப்யூட்டரின் புலி தாண்டி வெட்டிவிட்டது. "போங்கு ஆட்றியா?" என்று போனைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உன்னிடமும் இதே வார்த்தையைக் கேட்டது நினைவுக்கு வந்தது.

உனக்கு மறந்திருக்காது. ஒரு மாறுதலுக்கு நீ முதல்முறையாகப் புலியை எடுத்த நாள். டீக்கடை முன்னால், பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் பார்க்க, நீயும் இப்படித்தான் பாதியிலேயே வெட்டினாய்.

"இன்னா மச்சான், ஆடே இன்னும் வச்சி முடிக்கல, அதுக்குள்ள வெட்ற? போங்கு ஆட்றியா?"

"எங்க அமிர்தி பக்கம் அப்டித்தான்."

"தோக்கப் போறேன்னு தெரிஞ்சதும் புதுசா ஒரு சட்டமா? ஏமாத்துறவன்கூட இனிமே நான் ஆடல."

நீ புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாய். அதன்பிறகு மூன்று வாரம் நமக்குள் பேச்சு என் கண்டக்டர் விசிலோடு சரி. நிற்க ஒன்று, கிளம்ப இரண்டு. 'போலாம் ரைட்' என்றுகூட நான் வாய் திறக்கவில்லை. நீ முதலில் பேசட்டும் என்று வீம்பாக இருந்தேன். ஒரு லீவு நாளில் உனக்கு நெஞ்சுவலி வந்தது, அதோடு போய்விட்டாய்.

நேற்று அந்த விளையாட்டின் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன் மச்சான். எல்லா ஆடும் வைத்த பிறகுதான் வெட்டலாம் என்று ஒரு முறை, முதலிலிருந்தே வெட்டலாம் என்று இன்னொரு முறை. இரண்டும் இருக்கிறது. விரலால் தொட்டால் மாறுகிறது. இதற்கா நாம் பேசாமல் இருந்தோம்?

மனசு கேட்காமல், டூட்டி முடிந்ததும் உன் வீட்டுக்குப் போய்த் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சண்ட வந்தத அவரு வூட்ல சொல்லவே இல்லண்ணா," என்றாள். "எப்பவும் ஒண்ணுதான் சொல்வாரு. 'மச்சான் மனசு எளகின ஆளு. வெட்ட வேண்டிய ஆடு எதிர்லயே நிக்கும். நான் எல்லாத்தையும் வச்சி முடிக்கிற வரைக்கும் விட்டுக்குடுப்பாரு'ன்னு."

நான் எங்கள் ஊர் முறைப்படி காத்திருந்தேன், அவ்வளவுதான். ஒன்பது வருஷமும் நீ அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாய். உன்னை நான் ஏமாற்றுக்காரன் என்றபோது உனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கக் கூடாதா? நானாவது கேட்டிருக்கக் கூடாதா?

போனில் உன் முறையையே வைத்திருக்கிறேன். ஆடுகளை நான்தான் எடுக்கிறேன். தோற்றுக்கொண்டே இருக்கிறேன். அது ஒரு ஆட்டைக்கூட விடுவதில்லை.

நாளைக் காலை டிரிப்பில், அதே டீக்கடை முன்னால், அன்றைக்குப் பார்த்தவர்கள் காதில் விழும்படி சொல்லப் போகிறேன்: ஏழுமலை போங்கு ஆடவில்லை, தெரியாமல் பேசியது நான்தான். விசிலைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, வாய் திறந்து சொல்வேன். இது சத்தியம்.

விட்டுக்கொடுப்பவன் என்று நீ நம்பிய
உன் மச்சான்,
கண்டக்டர் சேகர்