வலது பக்கத்துக் குரல்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகள் அபிக்கு,

காஞ்சி மாநகரின் முடிசூடா மன்னனும் ஒற்றைத் தறியின் சக்கரவர்த்தியுமான உன் சித்தப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் கனடாக் குளிரில் நலமாக இருக்க ஏகாம்பரநாதரை வேண்டுகிறேன். சித்தி நலம். நானும் நலம் என்று எழுதுவது வழக்கம், இந்தத் தடவை எழுத முடியவில்லை. போனில் நீ பேசினால் பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல இருக்கிறது, அதனால்தான் கடிதம்; எழுதி முடித்ததும் போனில் படம் பிடித்து அனுப்புவேன்.

தீபாவளிக்கு முன்பிருந்தே தலைவலி. சாதாரண வலி இல்லையம்மா, கருட சேவைக்கு விட்ட வாணவேடிக்கை அத்தனையும் என் மண்டைக்குள் புகுந்து வெடித்தது. கூடவே வலது காதும் அடைத்துக்கொண்டது. நம் தெருவில் காது மந்தமாவதை யார் நோய் என்பார்கள்? பக்கத்து வீட்டுத் திருஞானசம்பந்தத்திடம் சொன்னால், "காது நல்லா கேட்டாத்தான் பா டாக்டர்கிட்ட போவணும், இது தறி குடுத்த மெடலு" என்று சிரித்தான். நானும் மெடலை மாட்டிக்கொண்டு திரிந்தேன். ஒரு டாக்டர் காதில் அழுக்கு என்று எடுத்துவிட்டார், இன்னொருவர் கண்ணாடி போடச் சொன்னார். கண்ணாடியில் நான் சினிமா வில்லன் மாதிரி இருந்தேன், வலி மட்டும் அப்படியே இருந்தது.

உனக்குத் தெரியும், கரையை வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்குச் சித்திதான் என் வலது பக்கம் உட்கார்ந்து கரை நூல் நாடாவைத் தள்ளிக் கொடுப்பாள், புட்டாப் பூ வரும் இடத்தில் குரல் கொடுப்பாள். இப்போதெல்லாம் அந்தக் குரல் காதில் விழாமல் நான் நெய்துகொண்டே போய்விடுவேன், பிறகு இருவரும் உட்கார்ந்து இழை இழையாகப் பிரிப்போம். நான் எப்போதும் விளையாடுகிறவன் இல்லையா, அவளும் அப்படித்தான் நினைத்தாள். "இன்னாங்க, காதுல வாங்கக்கூடாதுன்னே உக்காந்துக்கினு இருக்கீங்களா" என்று ஒரு வாரம் பேசவே இல்லை. பேசாததும் எனக்குத் தெரியவில்லை, அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

கடைசியில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு சின்னப் பெண் டாக்டர், உன் வயதுதான் இருக்கும், "தறிச் சத்தம் ரெண்டு காதுலயும்தானே விழுது தாத்தா, ஒரு காது மட்டும் எப்படிப் போச்சு?" என்று கேட்டாள். தாத்தா என்றதற்குக் கோபப்பட வாயைத் திறந்தேன், கை தானாக வலது காதுக்குப் போனது. இத்தனை தறிக்காரர் உள்ள தெருவில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை பார்.

ஸ்கேனில் காது நரம்பை ஒட்டி நெல்லிக்காய் அளவு கட்டி, மூளையை அழுத்துகிறதாம். புற்று இல்லை, ஆனாலும் விட்டு வைக்க முடியாது. வருகிற புதன்கிழமை ஆபரேஷன். அந்தக் காது திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். முகம் ஒரு பக்கம் கோணலாம், நான் எழுந்திருக்காமலும் போகலாம். அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பஸ்ஸில் காஞ்சிபுரம் வரும்வரை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

நேற்று அவள் தறியில் என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து நாடா கொடுக்க அவளுக்குக் கை பழகவில்லை, கரை கோணிக்கொண்டது. நான் பார்த்தேன், பிரிக்கவில்லை. அப்படியே நெய்தோம்.

வா என்று எழுத மனம் வரவில்லை, கைக்குழந்தைக்காரி நீ. வராதே என்று எழுதவும் கை ஓடவில்லை. குழந்தைக்குக் காதில் எண்ணெய் விடாதே. நீ தலைவலி என்றால் உடனே போய்க் காட்டு, எங்களைப் போல மெடல் வாங்காதே. மூவரும் நூறு வயது வாழ என் ஆசீர்வாதம்.

புதன்கிழமைக்குள் ஒருமுறை போன் பண்ணு. இடது காதில் வைத்துக்கொள்கிறேன். எதுவானாலும் உரக்கச் சொல். மெதுவாக அழுதால் எனக்குக் கேட்காது, வீணாக அழாதே.

இடது காதின் ஏகபோக அதிபதி,
உன் சித்தப்பா
குப்புசாமி