ஆண்டாயியின் கால்

சேசு மரி சூசை துணை
வரதராஜன்பேட்டை
12–3–1944

அன்புள்ள தம்பி ராயப்பனுக்கு அக்கா மதலேனம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நான் சுகம். நீயும் சுகமென்று எழுதியிருந்தாய், நான் நம்பவில்லை. உபதேசியார் வேலைக்கென்று அந்த ஊருக்குப் போனாயே, ஒரு குடும்பமாவது செபத்துக்கு வந்ததா? சோறு வடிக்கக்கூடத் தெரியாத உனக்கு இது தேவையா?

உன் மச்சான் கண்ணை மூடியதிலிருந்து இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. விளக்கேற்றிவிட்டு நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். நம் கோவிலில் மணியடிக்க, பூசைக்கு எடுத்து வைக்க ஆள் வேண்டுமாம். பங்குச் சாமியாரிடம் உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்குள் வந்துவிடு.

உன் அக்கா,
மதலேனம்மாள்


கல்லங்குறிச்சி அருகே
21–3–1944

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன். நீ கேட்டது சரிதான், ஒருவரும் வரவில்லை. அந்தியில் செப வீட்டு மணியை அடித்தால் ஆடுகள்தான் தலையைத் தூக்கிப் பார்க்கின்றன. ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. வழியில் கண்டால் "சாப்ட்டீங்களா?" என்பார்கள். அதற்குமேல் என்னோடு பேச அவர்களுக்கு என்ன இருக்கிறது? சர்வேசுரன் என்னை இங்கே அனுப்பிவிட்டு மறந்துபோனார் என்றுகூட நினைத்துவிட்டேன். இதைச் சாமியாரிடம் சொல்லிவிடாதே.

பாஸ்குவுக்கு முந்தின பெரிய வியாழன் காலையில் வண்டி ஏறுகிறேன்.

தம்பி,
ராயப்பன்


கல்லங்குறிச்சி அருகே
11–4–1944

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் கொஞ்சம் தணிந்த பிறகு இதைப் படி.

பெருமாள் கோயில் திருவிழாவுக்கு ஊரே வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தது. ஒரு குடிசையில் முனகல் கேட்டது. ஆண்டாயி என்று ஒரு அம்மாள், கூலி வேலை செய்கிறவள், தனிக்கட்டை. உன் வயதுதான் இருக்கும். காலில் நரம்புச் சிலந்தி. குளத்துத் தண்ணீரால் வரும் புழு, உனக்குத் தெரியுமே. புண்ணிலிருந்து நூலாகத் தலைநீட்டும். குச்சியில் தினம் கொஞ்சமாகச் சுற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். நான் சுற்றினேன். வியாழக்கிழமை வண்டிக்கு முன் முடித்துவிட வேண்டுமென்று அவசரப்பட்டு இழுத்தேன். புழு அறுந்து பாதி உள்ளேயே தங்கிவிட்டது. கால் வீங்கிச் சீழ் பிடித்து அவள் துடித்துப்போனாள். இதைச் செய்துவிட்டு எப்படி வண்டி ஏறுவேன்?

நம் சாமியார் அந்தப் பெரிய வியாழனன்று, சேசு தம் சீடருக்குச் செய்ததுபோல, கோவிலில் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவியிருப்பார். நான் ஒரு காலைக் கழுவினேன்.

"இதுக்காவ ஒங்க சாமிய நான் கும்புடணுமா?" என்று கேட்டாள்.

"வேணாங்கக்கா, கால நீட்டுங்க" என்றேன்.

இப்போது நான் குடிசையை நெருங்கும்போதே உள்ளேயிருந்து "வந்துட்டீங்களா?" என்கிறாள். என்னை ஒருத்தி எதிர்பார்க்கிறாள் அக்கா. மணியடிக்கும்போது முன்போல மனம் சோர்வதில்லை. செபத்துக்கு இன்னும் ஆடுகள்தான் வருகின்றன.

புண் ஆறும்வரை நான் வரமுடியாது. பிறகும் வருவேனா என்று தெரியவில்லை. சண்டைக் காலத்தில் இங்கே கந்தல்கூடக் கிடைப்பதில்லை. கட்டுப் போடப் பழந்துணி இருந்தால் அனுப்பு.

தம்பி,
ராயப்பன்


வரதராஜன்பேட்டை
7–5–1944

தம்பி ராயப்பனுக்கு,

உடனே எழுதியிருந்தால் திட்டியிருப்பேன். அதனால்தான் எழுதவில்லை.

பாஸ்குவன்று இரண்டு இலை போட்டுவிட்டு வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். நானும் எதிர்பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? அந்த அம்மாளையும் அக்கா என்றாயே. படித்தபோது வயிறு எரிந்தது, சொல்லிவிடுகிறேன்.

கோவில் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான்தான் கொடுக்கச் சொன்னேன்.

துணி அனுப்பியிருக்கிறேன். உன் மச்சானின் வேட்டி. பெட்டியில் வைத்து, மனசு கேட்காதபோது எடுத்து முகர்ந்துகொண்டிருந்தேன். கிழிக்கும்போது வாய்விட்டு அழுதேன். பிறகு, அவள் கால் எவ்வளவு வீங்கியிருக்குமோ என்று யோசித்துக் கொஞ்சம் அகலமாகவே கிழித்தேன். வெந்நீரில் அலசிக் காயப்போட்டேன். அன்று ரொம்ப நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். நன்றாகக் கழுவிவிட்டுக் கட்டு, அவசரப்படாதே.

இன்னும் இரண்டு வேட்டி இருக்கிறது. புண் ஆறாவிட்டால் எழுது. ஆறிவிட்டாலும் எழுது.

உன் சொந்த அக்கா,
மதலேனம்மாள்